ஒரு வினைச்சொல்லுக்குச் சாட்சி

ஒரே ஒரு சொல்தான் என்று சொல்லித்தான் மொய்னுதீனை அழைத்துக்கொண்டு போனார்கள். 1957-ம் வருஷம், ஜனவரி மாதம். பழவேற்காட்டில் வீட்டு வாசலில் இறாலைக் காயப்போட்டுக்கொண்டிருந்தவர் முன்னால் ஒரு சர்க்கார் சைக்கிள் வந்து நின்றது. இறங்கியவர் பாக்கியராஜ். நாற்பது வயது, காக்கிச் சட்டை, புதுவாயலில் புதிதாகத் திறந்த ஒரு அலுவலகத்தின் பியூன்.

"பாய், நீங்க ஜெர்மன் பேசுவீங்களாமே?"

"பேசுவேன். இங்க யார்கிட்ட பேசறது, இறால்கிட்டயா?"

"எங்க ஆபீஸ்ல ஒரே ஒரு வார்த்தை சொல்லணுமாம். அரை மணி நேர வேலை. நாஷ்டா முடிச்சிக்கினு கெளம்பினா, மத்தியானம் சோத்துக்கு ஊட்டுக்கு வந்துடலாம்."

மொய்னுதீனுக்கு ஜெர்மன் வந்த கதையை ஊரே அறியும். யுத்தத்தின்போது அவர் கப்பலில் கரி அள்ளிப் போடும் வேலையில் இருந்தார். ஜெர்மன்காரர்கள் நடுக்கடலில் கப்பலை மடக்கி, வேலைக்காரர்களையெல்லாம் கொண்டுபோய் முள்வேலிக்குள் அடைத்தார்கள். நாலு வருஷம். தினமும் சூப்புக்கு வரிசையில் நின்று நின்று அந்த மொழி தானாக ஒட்டிக்கொண்டது. ஊர் திரும்பியதும் அவர் செய்துகொண்ட சபதம் ஒன்றுதான்: இனிமேல் நினைத்தபோது எழுந்து வர முடியாத இடத்தில் உட்காருவதில்லை. மூத்த மகள் சாயிரா பானுவுக்கு அந்த வருஷம் ஜூலையில் நிகாஹ் என்று பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளை ஹனீப் பினாங்கில் ஜவுளிக்கடையில் இருந்தான். லீவில் வந்து, பன்னிரண்டாம் தேதி வெள்ளிக்கிழமை நிகாஹ் முடித்து, சனிக்கிழமை காலையில் பெண்ணை அழைத்துக்கொண்டு மதராஸுக்குப் போய், ஞாயிற்றுக்கிழமை கப்பல் ஏறிவிட வேண்டும். அதற்கு ஆறு மாதம் இருக்கிறதே, அரை மணி நேரத்தில் என்ன குடி முழுகிவிடும் என்று மொய்னுதீன் சட்டையை மாட்டிக்கொண்டார்.

விஷயம் இவ்வளவுதான். அத்திப்பட்டுப் பக்கம் சர்க்கார் ஒரு உப்பு சுத்திகரிப்பு ஆலை கட்டுவதாக இருந்தது. அதற்கு ஜெர்மனியிலிருந்து ஒரு பாய்லர். பாய்லர் தயார், இப்போதே கப்பலில் ஏற்றிவிடலாமா என்று அந்தக் கம்பெனி நல்ல ஆங்கிலத்திலேயே தந்தி அடித்தது. ஆலைக்கு இன்னும் கூரை போடவில்லை. 'வெயிட்' என்று ஒரு வார்த்தை பதில் தந்தி அடித்திருந்தால் தீர்ந்தது. ஆனால் ஒரு சுதந்திர நாடு, ஒரு அந்நியனுக்கு இன்னொரு அந்நியனுடைய மொழியில் பதில் சொல்வதா என்று மேலிடத்தில் யாருக்கோ ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஜெர்மன்காரனுக்கு ஜெர்மனிலேயே பதில் போக வேண்டும். அதற்காக அயல்மொழிச் சொல் உறுதிப்பாட்டு அலுவலகம் என்று ஒன்றைத் திறந்தார்கள். பெயர்ச்சொல் பிரிவு மதராஸில் மின்விசிறிக்குக் கீழே அமர்ந்தது. வினைச்சொல் பிரிவுக்கு அங்கே இடம் போதவில்லை. புதுவாயல் கூட்டுரோட்டில் ஒரு நெல் கிடங்கு காலியாக இருந்ததால் அதை அங்கே அனுப்பிவிட்டார்கள்.

கிடங்கில் இரண்டு மேஜை. பெரிய மேஜையில் ஸ்பெஷல் ஆபீசர் அருணாச்சலம். வாழ்க்கையில் ஒரு தடவைகூட அவசரப்பட்டதில்லை என்று அவரே பெருமையாகச் சொல்லிக்கொள்வார். சின்ன மேஜையில் தலைமைக் குமாஸ்தா தேசப்பன். அவர் காது முழுக்கப் பென்சில். எலிகளுக்கு மட்டும் மேஜை இல்லை.

"'வெயிட்' என்ற ஆங்கில வினைச்சொல்லுக்கு ஜெர்மன் பாஷையில் என்ன?" என்று கேட்டார் அருணாச்சலம்.

"வார்ட்டன், சார்."

சொல்லிவிட்டு மொய்னுதீன் எழுந்துகொண்டார். ஆபீசர் முகம் சுருங்கிவிட்டது.

"உட்காருங்கள். இப்படிச் சட்டென்று சொன்னால் எப்படி? ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. இந்தப் பதிலை நான் மேலே அனுப்பினால், இதற்கு ஒரு அலுவலகம் எதற்கு என்று கேட்க மாட்டார்களா?"

"அதான் சார் வார்த்தை. நாலு வருஷம் தினம் கேட்டது. சூப்பு ஊத்தறவன் கரண்டிய ஆட்டிக்கினே சொல்லுவான்."

"சூப்பு ஊற்றுகிறவன் சொன்னது ஆதாரம் ஆகாது" என்றார் தேசப்பன். "படிவம் ஏழு பிரகாரம், அந்த வினைச்சொல் வாக்கியத்தில் எப்படி வருகிறது என்று உதாரணம் காட்ட வேண்டும். ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம், நேரே ஜெர்மனில். அதற்குக் கீழே கையெழுத்து. இதில் கண்டவையெல்லாம் உண்மை, பொய்யானால் ஆறு மாதக் கடுங்காவலுக்கு உட்படுவேன் என்று அச்சடித்திருக்கிறது, அதன் கீழே."

உதாரணத்துக்கு என்ன பஞ்சம் என்று மொய்னுதீன் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சொல்ல ஆரம்பித்தார். கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் ரயில் காத்திருக்கிறது. விவசாயி மழைக்காகக் காத்திருக்கிறான். என் மனைவி எனக்காகக் காத்திருக்கிறாள், மைனெ ஃப்ராவ் வார்ட்டெட் அவ்ஃப் மிஷ். தேசப்பன் எழுதிக்கொண்டே வந்தவர் நிமிர்ந்தார்.

"வார்ட்டன் சரி. கூடவே இந்த 'அவ்ஃப்' யார்?"

"யாருக்காக காத்துக்கினு இருக்கோம்னு சொல்லும்போது அது கூட வரும் சார்."

"நமக்கு சாங்ஷன் ஆனது ஒரு சொல். கூட ஒருத்தரை அழைத்துக்கொண்டு வந்தால் அதற்குத் தனி உத்தரவு வேண்டும்" என்று சொல்லி, அவ்ஃபை மட்டும் சிவப்பு மையால் வட்டம் போட்டு மதராஸுக்கு எழுதிப்போட்டார். அது இன்றுவரை அங்கேதான் இருக்கிறது.

மத்தியானச் சோற்றுக்கு மொய்னுதீன் வீட்டுக்குப் போகத்தான் செய்தார். மறுநாளும் வர வேண்டும் என்ற உத்தரவோடு போனார். சரிபார்ப்பு என்று ஒன்று இருப்பது அப்போது அவருக்குத் தெரியாது. உதாரணம் என்றால் சும்மா சொல்வது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். சர்க்கார் கோப்பில் சும்மா என்று எதுவும் கிடையாது. கோப்பில் ஏறிய வாக்கியம் வாக்குமூலம். வாக்குமூலம் என்றால் விசாரணை.

ரயில்வேக்கு எழுதினார்கள். ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது: கும்மிடிப்பூண்டியில் எந்த ரயிலும் காத்திருப்பதில்லை. நிற்கிறது, புறப்படுகிறது. காத்திருப்பதாகப் புகார் சொன்னவர் பெயரும் விலாசமும் தேவை. தேசப்பன் மொய்னுதீனின் பெயரையும் விலாசத்தையும் அனுப்பிவைத்தார். விவசாயி வாக்கியத்துக்கு, எந்த விவசாயி, எந்தச் சர்வே நம்பர் என்று தாலுகா அலுவலகம் கேட்டது. கடைசியில் கவரைப்பேட்டைப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். மழைக்காகக் காத்திருக்கிறாயா என்று ஆபீசர் கேட்டதும் அந்த ஆள் பதறிப்போனார்.

"ஐயோ, மழை இன்னாத்துக்கு சாமி இப்ப? நெல்லு களத்துல கெடக்குது!"

விவசாயி காத்திருக்கவில்லை என்று எழுதி, வாக்கியத்தை அடித்தார்கள்.

மூன்றாவது வாக்கியத்துக்காகப் பாக்கியராஜ் சைக்கிளில் பதினாறு மைல் மிதித்துப் பழவேற்காடு போனார். மொய்னுதீனின் மனைவி ஆபிதா அடுப்படியில் இருந்தார். நீங்கள் உங்கள் வீட்டுக்காரருக்காகக் காத்திருக்கிறீர்களா, ஆம் இல்லை என்று சொன்னால் போதும் என்று பாக்கியராஜ் தாளைப் பார்த்து வாசித்ததும், ஆபிதா கரண்டியோடு எழுந்துவிட்டார்.

"இன்னா கேள்வி இது? நாலு வருஷம் காத்துக்கினு இருந்தேன். ஒரு காயிதம் இல்ல, ஒரு தகவல் இல்ல. செத்துட்டாருன்னு நாலு பேரு சொன்னாங்க. அப்பவும் காத்துக்கினு இருந்தேன். அப்ப எவன் வந்து கேட்டான்? இப்ப இங்க இருக்கிற புதுவாயலுக்குப் போன மனுசனுக்கு நான் எதுக்குக் காத்திருக்கணும்? அனுப்பி வையி, வருவாரு. உக்காரு, மீன் சாப்ட்டுப் போ."

பாக்கியராஜ் கண்ணால் பார்த்ததைத்தான் எழுதுவார். அது அவர் கொள்கை. 'மேற்படி அம்மாள் காத்திருக்கவில்லை, மீன் வறுத்துக்கொண்டிருந்தார், மீன் நன்றாக இருந்தது' என்று எழுதிக் கொடுத்தார். ஆபீசர் கடைசி மூன்று சொல்லை மட்டும் அடித்துவிட்டு ஒப்புக்கொண்டார். ஆபிதா சொன்னதைப் பாக்கியராஜ் வாயால் கேட்ட மொய்னுதீனுக்கு முகம் விழுந்துவிட்டது. நாலு வருஷம் அவளுக்கு என்ன பட்டிருக்கும் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. ஒரு பியூன் சொல்லி அது தெரிய வந்தது அவருக்கு வெட்கமாக இருந்தது.

மார்ச் மாதம் பிறந்துவிட்டது. கையில் ஒரு வாக்கியம்கூட மிச்சமில்லை. தினமும் பதினாறு மைல் வந்து பதினாறு மைல் போய் மனுஷர் பாதியாகிவிட்டார். அன்று ஆபீசர் மத்தியானம் வரைக்கும் வரவில்லை. வந்ததும் கேட்டார், புதிதாக ஏதாவது வாக்கியம் உண்டா என்று. மொய்னுதீனுக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியிருந்தது.

"எழுதிக்கோங்க சார். மொய்னுதீன் ஆபீசில் காத்திருக்கிறான். மொய்னுதீன் வார்ட்டெட் இம் ப்யூரோ. போதுமா?"

தேசப்பன் பென்சிலைக் கீழே வைத்தார். ஆபீசரைப் பார்த்தார். ஆபீசர் மொய்னுதீனை உற்றுப் பார்த்தார், மேலிருந்து கீழாக. பாக்கியராஜும் பார்த்தார். மூன்று பேர் கண்ணுக்கும் தெரிந்தது. ஆதாரம், சாட்சி, ஸ்தலம், எல்லாம் ஒரே அறையில். கூடவே அவ்ஃபும் இல்லை. இரண்டு மாதத்தில் முதல் தடவையாக அந்தக் கிடங்கில் சிரிப்பு கேட்டது. ஆபீசர் எழுந்து வந்து மொய்னுதீனின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

மொய்னுதீன் செருப்பை மாட்டினார். "அப்ப நான் கெளம்பறேன் சார்."

"எங்கே?"

"ஊட்டுக்கு."

"அது எப்படி முடியும்?" என்றார் அருணாச்சலம், நிஜமாகவே புரியாமல். "நீங்கள் அலுவலகத்தில் காத்திருப்பதாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். கோப்பு டில்லிக்குப் போகிறது. அங்கே அதைப் படிக்கிற நேரத்தில் நீங்கள் பழவேற்காட்டில் இறால் காயப்போட்டுக்கொண்டிருந்தால், அந்த வாக்கியம் என்ன ஆகும்? பொய்யாகிவிடும். பொய் என்றால் ஆறு மாதம். எனக்கு உங்கள் மேல் அக்கறை இருக்கிறது, அதனால் சொல்கிறேன்."

ஜெயில் என்றதும் வாசலைப் பார்த்து நின்ற மொய்னுதீன் திரும்பிவிட்டார். கம்பிக்குள் நாலு வருஷம் இருந்தவருக்கு இன்னும் ஆறு மாதம் என்பது வெறும் எண்ணிக்கை இல்லை. டில்லியிலிருந்து பதில் எப்போது வரும் என்று கேட்டார். சீக்கிரம் என்றார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். அன்றிலிருந்து அவருக்குச் சோறும் படுக்கையும் அந்தக் கிடங்கிலேயே.

அதற்கப்புறம் காலை பத்து மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் தேசப்பன் வந்து அவரைப் பார்த்து, 'இருக்கிறார், காத்திருக்கிறார்' என்று எழுதி நேரம் போடுவார். ஆபீசர் 'சரிபார்த்தேன், உண்மை' என்று கையெழுத்துப் போடுவார். ஒருநாள் பொழுது போகாமல் மொய்னுதீன் ஒரு கிழிந்த வலையை எடுத்துப் பின்னினார். காத்திருக்கிறவர் வேறு வேலை செய்தால் அது காத்திருப்பு ஆகாது என்று தேசப்பன் வலையைப் பிடுங்கி அலமாரியில் பூட்டினார். தூங்குகிற மனிதன் காத்திருக்கிறானா என்று ஒரு சந்தேகம் எழுந்து மதராஸுக்குப் போனது. காத்திருப்பதாக அனுமானிக்கலாம், குறட்டை விட்டால் தெரிவிக்கவும் என்று பதில் வந்தது. தொழுகை விஷயத்தில் ஆபீசர் பெரிய மனசு பண்ணினார். தொழுகிறவனும் எதையோ எதிர்பார்த்துத்தானே தொழுகிறான் என்று அனுமதித்தார். ஏப்ரலில் நோன்பு வந்தபோதுதான் சங்கடம். சூரியன் மறைவதற்காகக் காத்திருக்கிறாரா, டில்லிப் பதிலுக்காகக் காத்திருக்கிறாரா, எந்தக் காத்திருப்பை எந்தக் கணக்கில் எழுதுவது என்று முப்பது நாளும் மாலையில் வாக்குவாதம். பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு மொய்னுதீன் இவர்கள் முடிவுக்கு வரட்டும் என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

மே மாதம் பாக்கியராஜ் ஒரு செய்தி கொண்டுவந்தார். பதிலே வராததால் ஜெர்மன்காரன் பாய்லரைக் கப்பலில் ஏற்றி அனுப்பிவிட்டானாம். அது மதராஸ் துறைமுகத்தில் இறங்கி வெயிலில் கிடக்கிறதாம். மொய்னுதீனுக்கு உயிர் வந்தது. ஓடாத குறையாக ஆபீசர் மேஜைக்குப் போனார்.

"பாய்லரே வந்துட்டுது சார்! இனிமே யார காத்திருக்கச் சொல்றது? வார்த்தை வேணாமில்ல?"

அருணாச்சலம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் பேசப்போகிறார் என்று அர்த்தம்.

"மிஸ்டர் மொய்னுதீன், உங்களைப் போன்றவர்கள் செய்கிற தவறு இதுதான். காரியம் முடிந்தால் கோப்பும் முடிந்தது என்று நினைக்கிறீர்கள். பாய்லர் வந்தது பாய்லர் பிரிவின் விஷயம். நம்முடையது வினைச்சொல். பாய்லர் இன்று வரும், நாளை துருப்பிடிக்கும். கோப்பு துருப்பிடிக்காது. நான் முப்பது வருஷ சர்வீஸில் எத்தனையோ பிரச்சினைகளைப் பார்த்திருக்கிறேன். எந்தப் பிரச்சினையையும் நான் தீர்த்ததில்லை, ஆனால் ஒன்றையாவது ஒழுங்கில்லாமல் விட்டேன் என்று யாராவது சொல்லட்டும் பார்ப்போம்! வெள்ளைக்காரன் காலத்தில் நாம் அவன் உத்தரவுக்குக் காத்திருந்தோம். இன்று நம் உத்தரவுக்கு நாமே காத்திருக்கிறோம். இதற்குப் பெயர் சுதந்திரம் இல்லாமல் வேறென்ன?"

தேசப்பன் கைதட்டினார். பாக்கியராஜ் தலையைச் சொறிந்துகொண்டார். மொய்னுதீன் தன் இடத்துக்குத் திரும்பி வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்.

ஜூலை வந்தது. பக்ரீத் தொழுகையைக்கூட அந்தக் கிடங்கிலேயே தனியாகத் தொழுதார். நிகாஹுக்கு நாலு நாள் இருக்கும்போது ஆபிதா பஸ் பிடித்துப் புதுவாயலுக்கே வந்துவிட்டார். வெளியாள் உள்ளே வர அனுமதிச் சீட்டு வேண்டும், விண்ணப்பித்தால் பதினைந்து நாள் ஆகும் என்றார்கள். அவர் கிடங்கின் பக்கத்து ஜன்னலுக்கு வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அரை நாள் உட்டா போதும் சார்" என்று மொய்னுதீன் ஆபீசரிடம் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். "பொண்ணுக்கு அப்பன் நானு. 'என் மகளை உனக்கு நிகாஹ் செய்து கொடுத்தேன்'னு மாப்ள கையப் புடிச்சி என் வாயால நான் சொல்லணும் சார். வேற ஆள வெச்சி சொல்லிக்கலாம், மார்க்கத்துல எடம் இருக்குது. ஆனா நான் உசுரோட இங்க குந்திக்கினு, என் பொண்ண இன்னொருத்தன் எப்படி சார் குடுக்கறது?"

"என் கையில் என்ன இருக்கிறது?" என்றார் ஆபீசர். "வாக்கியம் அல்லவா உங்களைப் பிடித்து வைத்திருக்கிறது? அதைச் சொன்னது நீங்கள்."

ஜன்னலுக்கு வெளியே ஆபிதா எல்லாவற்றையும் கேட்டார். அவர் அழுவார் என்று மொய்னுதீன் எதிர்பார்த்தார். அவர் அழவில்லை.

"நீ வர முடியாதுன்னா போவுது. மாப்ள வருவாரு. இந்த ஜன்னலாண்டயே நிகாஹ் நடக்கும். பொண்ண குடுக்கறது நீதான். இந்த ஆளுங்க பேஜாருக்கு என் பொண்ணோட நல்ல காரியம் நிக்காது." சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் ஒரு லாரி வந்து கூட்டுரோட்டில் நின்றது. பூமாலையோடு ஹனீப் இறங்கினான். கூட அவன் தகப்பனார் கிஃபாயத்துல்லா, காஜியார், சாட்சிகள் இரண்டு பேர். முள்ளுச்செடியை மிதித்துக்கொண்டு ஜன்னலுக்கு வந்தார்கள். பாக்கியராஜ் அலுவலக பெஞ்சை வெளியே கொண்டுபோய்ப் போட்டார், காஜியார் உட்கார. ஹனீப் கையை ஜன்னல் கம்பிக்குள் நீட்டப்போனான்.

"நிறுத்து!" என்று தேசப்பன் ஓடிவந்தார். "மாப்பிள்ளை கை உள்ளே வரக் கூடாது. பாஸ் இல்லை!"

ஹனீப் பயந்து கையை இழுத்துக்கொண்டான். மொய்னுதீன் சட்டைக்கையை மடித்தார். கம்பிக்கு வெளியே தன் கையை நீட்டினார். முழங்கை வரைக்கும்தான் போயிற்று. ஹனீப் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். காஜியார் ஓத, மொய்னுதீன் சொன்னார். என் மகள் சாயிரா பானுவை உனக்கு நிகாஹ் செய்து கொடுத்தேன் என்று சொல்லி அவன் விரல்களை இறுகப் பற்றினார். ஒப்புக்கொண்டேன் என்று ஹனீப் சொன்னது நன்றாகக் கேட்டது. துஆ முடிந்தது. கம்பி வழியாக ஒரு சீனி மிட்டாயை யாரோ அவர் வாயில் வைத்தார்கள். வீட்டில் விருந்து ஆறிப்போகும் என்று லாரி உடனே புறப்பட்டுவிட்டது. மகளை மணக்கோலத்தில் பார்க்காமலே அவளைக் கொடுத்தாகிவிட்டது. விடிந்தால் அவள் மதராஸுக்குப் போய்விடுவாள், அதற்கப்புறம் கடல்தான். அவர் ஜன்னலில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதார். யார் பார்த்தால் என்ன என்று இருந்தது.

பின்னால் யாரோ செருமினார்கள். தேசப்பன் கையில் அடிக்கோலும் ஒரு தாளும்.

"விளக்கம் எழுத வேண்டும். பிற்பகல் இரண்டு மணி பத்து நிமிஷத்திலிருந்து இரண்டு பதினாறு வரை உங்கள் வலது கை, முழங்கை முதல் விரல் நுனி வரை பதினேழு அங்குலம், அலுவலகத்துக்கு வெளியே இருந்திருக்கிறது. மொய்னுதீன் அலுவலகத்தில் காத்திருக்கிறார் என்று நமக்கு வாக்கியம். அந்த ஆறு நிமிஷம் முழு மொய்னுதீன் காத்திருக்கவில்லை."

மொய்னுதீன் தாளை வாங்கினார். அழுத கண்ணைத் துடைத்துக்கொள்ளாமலேயே எழுதினார்: 'கை வெளியே போனது உண்மை. அது என் மகள் காரியமாகப் போனது. அந்தக் கை சர்க்காருக்காகக் காத்திருக்கவில்லை.' கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

ஆபீசர் படித்தார். நாற்காலியில் நிமிர்ந்தார். "அப்படியானால் வாக்கியம் பொய்! படிவம் ஏழு, ஆறு மாதம். தேசப்பன், போலீஸுக்கு எழுதுங்கள்."

தேசப்பன் பேனாவை எடுத்தார். எடுத்தவர் வைத்துவிட்டார். ஆபீசர் காதருகே குனிந்தார். கிசுகிசுத்தாலும் கிடங்கில் எல்லாருக்கும் கேட்டது.

"சார், இன்றைக்கும் 'சரிபார்த்தேன், உண்மை' என்று நீங்கள் காலையிலேயே இரண்டு வேளைக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டீர்கள். வாக்கியம் பொய் என்றால், அதை உண்மை என்று சொன்னவருக்கும் அதே ஆறு மாதம்."

அருணாச்சலத்தின் நெற்றியில் வேர்வை அரும்பியது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் அவசரப்பட்டார். வாக்கியம் தொடக்கத்திலிருந்தே சொல்லப்படாததாகக் கருதப்படும் என்று ஒரு உத்தரவை அவரே தன் கைப்பட எழுதினார். மார்ச் முதல் போட்ட கையெழுத்துத் தாள்களையெல்லாம் கிழித்துத் தேசப்பனிடம் கொடுத்தார். பிறகு தலைநிமிர்ந்தவர் மொய்னுதீனைப் பார்த்துத் திடுக்கிட்டார்.

"இவர் யார்? அனுமதிச் சீட்டு இல்லாத வெளியாள் அலுவலகத்துக்குள் என்ன செய்கிறார்? பாக்கியராஜ், வெளியே அனுப்பு!"

மொய்னுதீனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கிக்கொள்ள நிற்கவும் இல்லை. செருப்பு எங்கே கிடக்கிறது என்றுகூடத் தேடாமல் வெறுங்காலோடு கூட்டுரோட்டில் இறங்கிப் பொன்னேரி பக்கமாக நடந்தார். வெயில் தார் ரோட்டில் காலைச் சுட்டது. சுட்டால் சுடட்டும் என்று நடந்தார். ஒரு மைல் போயிருப்பார். பின்னால் சைக்கிள் மணி கேட்டது. திரும்பினால் பாக்கியராஜ்.

"ஐயா கூட்டியாரச் சொன்னாரு" என்றார், மூச்சு வாங்க. "டில்லியிலேர்ந்து கேட்டா காட்டறதுக்கு ஒரு வாக்கியமும் இல்லியாம். புச்சா ஒண்ணு வேணுமாம். 'எங்க இருந்தாலும் தேடிப் புடிச்சாந்து நிறுத்து'ன்னு எழுதியே குடுத்துட்டாரு."

மொய்னுதீன் ரோட்டோரத்துப் புளியமரத்தடியில் அப்படியே குந்திவிட்டார். "பாக்கியராஜு, காலையில என் பொண்ணு போயிடுவா" என்றார்.

பாக்கியராஜ் அவரைப் பார்த்தார். கையிலிருந்த உத்தரவைப் பார்த்தார். அதை நாலாக மடித்துப் பையில் வைத்தார்.

"பாய், எங்க இருந்தாலும் தேடுன்னுதான் எழுதியிருக்குது. எந்தப் பக்கம் தேடுன்னு எழுதல. நான் பழவேற்காட்டுப் பக்கம் தேடலாம்னு இருக்கேன். பின்னாடி ஏறி குந்து."

சர்க்கார் சைக்கிளில் இரண்டு பேர் ஏறினால் அதற்கும் ஒரு படிவம் உண்டு. அதை யாரும் நினைவுபடுத்தவில்லை. பொன்னேரி தாண்டி, உப்புக்காற்று முகத்தில் அடிக்கும்போது பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. வீட்டு வாசலில் பந்தல், உள்ளே பெண்கள் சத்தம். தலையில் முக்காடும் கழுத்தில் கருகமணியுமாக இருந்த சாயிரா பானு, "வாப்பா!" என்று வாசலுக்கே ஓடிவந்துவிட்டாள். கல்யாணப் பெண் ஓடக் கூடாது என்று யாரோ அதட்டினார்கள். மொய்னுதீன் அவளைப் பிடித்து அவள் தலையில் கையை வைத்தார். ஆபிதா அவர் காலைப் பார்த்தார், கொப்புளம் போட்டிருந்தது. உள்ளே போய் ஒரு செம்பு தண்ணீரும் பழைய துணியும் கொண்டுவந்து கீழே உட்கார்ந்தார்.

"காத்துக்கினு இருந்தியா?" என்று மொய்னுதீன் கேட்டார்.

"காலக் காட்டு" என்றார் ஆபிதா.

பாக்கியராஜுக்குப் பெரிய தட்டில் பிரியாணி வைத்தார்கள். இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டார். திங்கட்கிழமை காலையில் அவர் கொடுத்த அறிக்கை அந்தக் கோப்பில் இன்றும் இருக்கிறது. தேசப்பன் அதை மூன்று முறை படித்துப் பார்த்து, கண்ணால் கண்டதுதானா என்று கேட்க, சத்தியமாக என்று பாக்கியராஜ் கையெழுத்தும் போட்டிருக்கிறார்: 'உத்தரவுப்படி பழவேற்காடு வரைக்கும் போய், கல்யாண வீட்டில் ஒவ்வொருவராகப் பார்த்தேன். சர்க்காருக்காகக் காத்திருக்கிற ஆள் அங்கே யாருமே இல்லை.'